உள்ளேன் ஐயா

(எபிசோட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சில் வரும் பிள்ளைகளின் பெயரும் ஊரும் பள்ளியும் தவிர்க்கப்பட்டிருக்கின்றன.)

ஹெட்போன் மாட்டிக்கிட்டு மெட்ரோவுலயோ, ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதோ இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் பேசப்போறது உங்க ஊர்ல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற சில வகுப்பறைகளைப் பத்தி. ஆனா நான் சொல்ற பிள்ளை உங்க வகுப்புலயும் ஒருத்தர் இருந்திருப்பாங்க. ஒருவேளை அது நீங்களாவே கூட இருக்கலாம்.

முதுகுளத்தூர் ராமநாதபுரம் மாவட்டத்துல இருக்கு. பரமக்குடியில இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும். ராமேஸ்வரம் போறவங்க யாரும் இந்தப் பக்கம் திரும்ப மாட்டாங்க. வழி நெடுக சீமைக் கருவேலம், நடுநடுவே கரிமூட்டப் புகை, தை மாசி ஆச்சுன்னா களத்துல காயுற குண்டு மிளகாய். அந்த மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. மழை பெஞ்சா விவசாயம், பெய்யலேன்னா வெளியூர். நிறைய வீட்டுல அப்பா வளைகுடாவுலயோ, வடக்க ஏதாவது ஒரு ஊர்ல முறுக்குக் கடையிலயோ இருப்பார். பிள்ளை அப்பத்தாகிட்ட வளரும்.

இந்தச் சுத்துவட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள்ல நான் பள்ளிச் சமூகப் பணியாளரா வேலை செய்யுறேன். "அப்படின்னா கவுன்சிலரா?"ன்னு எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. கவுன்சிலர் பிள்ளையோட உக்காந்து பேசுவார். நாங்க பிள்ளையைச் சுத்தி இருக்கிறவங்களோடயும் பேசணும்: வகுப்பு, வாத்தியார், வீடு, தெரு, சில நேரம் பஸ் கண்டக்டர். ஒரு பிள்ளை தனியாப் போயிருச்சுன்னா, அந்தத் தனிமையில மத்தவங்களுக்கு என்ன பங்குன்னு பாக்குறதுதான் எங்க வேலையில பாதி.

அம்புக்குறி வராத பேர்

தனியா இருக்கிற பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அழுகிற பிள்ளை, அடிக்கிற பிள்ளை எல்லாம் உடனே கண்ணுல படும். தனியா இருக்கிற பிள்ளை படாது. அது யாருக்கும் தொந்தரவு குடுக்காது. "ரொம்ப அமைதியான பொண்ணு மேடம், ஒரு கம்ப்ளைண்ட் கிடையாது"ன்னு வாத்தியார் நல்லவிதமாவே சொல்வார்.

நான் முதல்ல போய் நிக்கிறது மதியச் சாப்பாட்டு நேரத்துல. தட்டை எடுத்துக்கிட்டு எந்தப் பிள்ளை யார் பக்கத்துல உக்காருதுன்னு ஒரு வாரம் பாத்தாப் போதும். யார் தட்டைக் கழுவுற சாக்குல ரொம்ப நேரம் குழாயடியிலயே நிக்குறாங்கன்னு தெரிஞ்சிரும்.

இன்னொரு வழியும் இருக்கு. ஜேக்கப் மொரீனோன்னு ஒரு மனநல மருத்துவர் 1930-கள்ல அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல செஞ்சு பாத்தது. பிள்ளைங்ககிட்ட ஒரு துண்டுத் தாளைக் குடுத்து, "டூர் போறோம், பஸ்ல பக்கத்துல யார் உக்காரணும்? ரெண்டு பேர் எழுதுங்க"ன்னு கேக்கணும். அப்புறம் நாம தனியா உக்காந்து ஒவ்வொரு பேரையும் வட்டமாப் போட்டு, யார் யாரை எழுதினாங்களோ அந்தப் பக்கம் அம்புக்குறி போடணும். இருபது அம்பு வர்ற பேர் ஒண்ணு இருக்கும். ஒரு அம்பும் வராத பேரும் ரெண்டு மூணு இருக்கும். அந்தத் தாளை யார்கிட்டயும் காட்டக்கூடாது. "யார் பக்கத்துல உக்கார மாட்டீங்க?"ன்னும் கேக்கவே கூடாது. அப்படிக் கேட்டா நாமளே ஒதுக்கச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும்.

எங்க பக்கத்துல அந்தப் படத்தைப் போட்டா இன்னொண்ணும் தெரியும். அம்புக்குறிகள் ரெண்டு மூணு கூட்டமாப் பிரிஞ்சு நிக்கும். ஒரு கூட்டத்துல இருந்து இன்னொண்ணுக்கு அம்பு போகாது. எந்தப் பிள்ளை எந்தத் தெருன்னு தெரிஞ்சவங்களுக்கு அது ஏன்னு சொல்ல வேண்டியதில்லை. முதுகுளத்தூர்ங்கிற பேரைக் கேட்டதும் 1957 கலவரத்தை ஞாபகம் வெச்சுச் சொல்றவங்க இன்னும் இருக்காங்க. அது நடந்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வருஷம் தெரியாது. எந்தத் தெருவுல சைக்கிளை எப்படி ஓட்டணும்னு தெரியும்.

கைதட்டின பொண்ணு

முதல் கதை. ஆறாம் வகுப்பு. ஒரு பொண்ணு பள்ளிக்கூடத்துல பேசவே மாட்டா. வீட்டுல அப்படியில்ல. நான் போனப்ப தம்பியை அதட்டுறா, ஆட்டுக்குட்டியைத் திட்டுறா, அப்பத்தாவுக்கு டிவி சீரியல் கதையை முழுசாச் சொல்றா. பள்ளிக்கூட கேட்டைத் தாண்டினா குரல் போயிரும். வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாரும் "உள்ளேன் ஐயா"ன்னு கத்துவாங்க. இவ பேர் வந்தா வகுப்பே சேந்து, "அவ பேச மாட்டா சார்"னு சொல்லும். அவளுக்காக முப்பது பேர் பேசிருவாங்க. அவ இருக்கான்னு சொல்ற உரிமைகூட அவ கையில இல்ல.

இதுக்கு செலக்டிவ் மியூட்டிசம்னு பேர். பிடிவாதம்னும் திமிருன்னும் நினைச்சுருவாங்க. உண்மையில அது பதற்றம். தொண்டையை யாரோ பிடிச்ச மாதிரி இருக்கும். "பேசினா சாக்லேட் தர்றேன்"னாலும் "பேசலேன்னா வெளிய நில்லு"ன்னாலும் ரெண்டும் அழுத்தந்தான். அழுத்த அழுத்த இன்னும் இறுகும்.

எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கிடைச்சிருந்துச்சு. பெஞ்சை ஓரங்கட்டிட்டு எல்லாரும் வட்டமா உக்காருவோம். விளையாட்டு ரொம்பச் சின்னது. நான் ஒரு தாளம் தட்டுவேன், எல்லாரும் அதையே திருப்பித் தட்டணும். அப்புறம் ஒவ்வொருத்தரா அவங்க பேரை ஒரு தாளத்துல சொல்லணும். பேர் சொல்ல வேண்டாம்னா தட்டினாப் போதும். இதை நான் எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன். முதல் வாரம் வேணும்னே மூணு பசங்க பேர் சொல்லாமத் தட்டினாங்க. அது எனக்குப் பெரிய உதவியாப் போச்சு. தட்டுறது "பேச மாட்டாத பிள்ளைக்கான வழி"ன்னு ஆகாம, யார் வேணும்னாலும் எடுத்துக்கிற வழியா ஆயிருச்சு.

மூணாவது வாரம் அவ தட்டினா. ரெண்டு மெதுவா, மூணு வேகமா. அது எங்க ஊர் முளைப்பாரிக் கும்மியோட தட்டு. பக்கத்துல இருந்த பொண்ணு, "ஏய், இது எங்க அப்பத்தா தட்டுறது!"ன்னு கத்திட்டா. அன்னிக்கு வட்டம் கும்மியா மாறிருச்சு. கும்மியில பாட்டு ஒருத்தர் எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. ஆனா பாடாதவங்களும் தட்டுவாங்க, குனிவாங்க, சுத்துவாங்க. பாடலைங்கிறதுக்காக வட்டத்தை விட்டு யாரையும் வெளிய அனுப்புற வழக்கம் கும்மியில கிடையாது.

அவங்க வகுப்பு வாத்தியார் ரிட்டயர்டு ஆக ரெண்டு வருஷம் இருக்கிறவர். "இதெல்லாம் என்ன மேடம், ஆட்டம் பாட்டம்"னு முதல்ல சலிச்சுக்கிட்டவர்தான். அடுத்த திங்கக்கிழமை வருகைப் பதிவுல அவ பேர் வந்ததும் அவரே மேசையில ரெண்டு தட்டு தட்டிட்டு நிறுத்தினாராம். அவ மூணு தட்டினா. அவர் பேனாவால டிக் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டார். ஒண்ணுமே நடக்காத மாதிரி. பயிற்சி எடுத்த நானே அதைவிட நல்லாச் செஞ்சிருக்க முடியாது.

நாலு மாசம் அவ வருகைப் பதிவு தட்டுலதான் நடந்துச்சு. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல இருந்த பொண்ணு காதுல ஏதோ சொன்னா. அப்புறம் ஆண்டு விடுமுறை முடிஞ்சு வந்து ஒரு நாள், சன்னமா, "உள்ளேன் ஐயா." வகுப்பு கைதட்டப் பாத்துச்சு. வாத்தியார் கையைக் காட்டி அமத்திட்டார். ஏன்னா முதல் தடவை பேசினதை விழாவாக்கினா அடுத்த தடவை பேசப் பயமாயிரும். இப்பவும் அவ அதிகம் பேச மாட்டா. ஆனா மதியம் குழாயடியில தனியா நிக்கிறதில்ல.

தாளம் ஏன் வேலை செய்யுது?

உங்கள்ல சிலர், "இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, ஆதாரம் இருக்கா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

ஜெர்மனியில செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமாசெல்லோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2010-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாலு வயசுப் பிள்ளைங்களை ரெண்டு ரெண்டு பேரா விளையாட விட்டாங்க. சில ஜோடிகள் சேந்து பாடி, ஆடி, தாளம் போட்டு விளையாடினாங்க. மத்த ஜோடிகளுக்கும் அதே கதை, அதே பொம்மைகள்தான், பாட்டும் தாளமும் மட்டும் இல்ல. அதுக்கப்புறம் ஒரு பிள்ளையோட கோலிக்குண்டுங்க கீழ கொட்டுற மாதிரி வெச்சாங்க. இன்னொரு பிள்ளை உதவுதான்னு பாத்தாங்க. சேந்து பாடின பிள்ளைங்கதான் அதிகமா உதவினாங்க.

இன்னொண்ணு பெரியவங்களை வெச்சு, இங்கிலாந்துல செஞ்சது, 2015-ல வந்துச்சு. பாட்டு வகுப்பு, கைவினை வகுப்பு, எழுத்து வகுப்புன்னு ஏழு மாசம் நடத்திப் பாத்தாங்க. கடைசியில மூணு வகுப்புலயும் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் நெருக்கமாத்தான் ஆனாங்க. ஆனா பாட்டு வகுப்புல அந்த நெருக்கம் சீக்கிரமே வந்துருச்சு. அதாவது பாட்டு மந்திரம் கிடையாது. அது பனியைச் சீக்கிரம் கரைக்குது, அவ்வளவுதான். மீதி வேலையை, கூடவே இருக்கிற மாசக்கணக்கான நேரம் செய்யுது.

என் அனுபவமும் அதேதான். பேசறதுல ஒருத்தர் பேச இன்னொருத்தர் காத்திருக்கணும். தனியா இருக்கிற பிள்ளை தன் முறை வர்றதுக்குள்ள பயந்து செத்துரும். தாளத்துல எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள இருக்கலாம். யாரும் யாரையும் பாக்க வேண்டியதில்ல.

நான் செஞ்ச தப்பு

இப்ப ரெண்டாவது கதை. இதைச் சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடுக்கே ஒத்துக்கிட்டேன்.

முதல் பள்ளிக்கூடத்துல நல்லாப் போச்சுன்னதும் எனக்குத் தைரியம் வந்துருச்சு. இன்னொரு பள்ளிக்கூடத்துல எட்டாம் வகுப்பு. ஒரு பையன். அம்புக்குறி வராத பேர். கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம். பெஞ்சுல அவன் விரலால தட்டுறதைக் கேட்டேன். அடேயப்பா, எந்த வகுப்புலயும் அப்படி ஒரு கை நான் கேட்டதில்ல. ஒரு கை ஒரு கணக்கு, இன்னொரு கை வேற கணக்கு.

நான் சென்னையில படிச்சப்ப பறை மேடை ஏறுறதைப் பாத்து வளந்தவ. கல்லூரி விழா, புத்தகக் கண்காட்சி, கல்யாண ரிசப்ஷன் வரைக்கும் பறை வந்துருச்சு. நானே ரெண்டு வாரம் பயிற்சிக்குப் போயிருக்கேன். அந்த நினைப்புல ஒரு பறையை வாங்கிட்டு வந்து, வகுப்பு நடுவுல, "இவனைவிட யாரும் நல்லா அடிக்க முடியாது"ன்னு சொல்லி அவன் கையில குடுத்தேன்.

அவன் வாங்கினான். அடிச்சான். அருமையா அடிச்சான். வகுப்பு கேட்டுச்சு. நான் பூரிச்சுப் போய் வீட்டுக்கு வந்தேன்.

திங்கக்கிழமை அவன் வரல. செவ்வாயும் வரல. வாத்தியார்கிட்ட கேட்டா, "உடம்பு சரியில்லையாம்"னார். ரெண்டாவது வாரம் ஒரு பொண்ணுதான் சொல்லுச்சு: "அக்கா, பசங்க எல்லாம் அவன ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுறாய்ங்க. நடக்கும்போது பின்னாடியே வாயால கொட்டுச் சத்தம் போடுறாய்ங்க. நீங்க அத அவன் கையில குடுத்த அன்னைக்கி இருந்துதான்." அந்தப் பேரை நான் இங்க சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குப் போனேன். அப்பா வாசல்ல உக்காந்திருந்தார். அவர் இழவு வீட்டுக்குக் கொட்டு அடிச்சவர். பையன் பள்ளிக்கூடம் சேந்த வருஷம் அதை விட்டுட்டு, இப்ப கரிமூட்டம் போடப் போறார். அவர் சத்தம் போடல. "உக்காருங்கம்மா"ன்னு நாற்காலியை எடுத்துப் போட்டார். தண்ணி குடுத்தார். அப்புறம் சொன்னார்: "நான் எதக் கீழ வச்சுட்டு அவனப் படிக்க அனுப்புனேனோ, அதையே எடுத்து அவன் கையில குடுத்துட்டீகளேம்மா."

பதில் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல. மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

அந்த இடத்துல நான் என்ன தப்பு பண்ணினேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். பறை மேல தப்பு இல்ல. திண்டுக்கல்ல சக்தி கலைக் குழு இருக்கு. 1990-ல சகோதரி சந்திரா தொடங்கினது. தலித் குடும்பங்கள்ல இருந்து படிப்பை விட்டுட்டு வந்த இளம்பெண்களுக்குப் பறை உட்பட நாட்டுப்புறக் கலைகளைக் கத்துக் குடுத்து, கூடவே தொழிலும் சொல்லிக் குடுக்குறாங்க. பெண்கள் பறையடிக்கிறதே அரிதா இருந்த காலத்துல அவங்க மேடையேறினாங்க. ஸோயி ஷெரீனியன்கிற இசை ஆய்வாளர் அவங்களைப் பத்தி ஒரு ஆவணப்படமே எடுத்திருக்காங்க. அவமானமா ஊர் சொன்ன ஒரு கருவியை அந்தப் பொண்ணுங்க பெருமையா எடுத்துக்கிட்டாங்க.

ஆனா அங்க அவங்களே எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுவா, கூட நிக்க ஆள் இருக்கும்போது எடுத்துக்கிட்டாங்க. இங்க நான் எடுத்துக் குடுத்தேன். அவன் மட்டும் தனியா, அவன் தெருவைத் தெரிஞ்ச முப்பத்தஞ்சு பேர் முன்னாடி. சென்னை மேடையில பறைக்கு இருக்கிற அர்த்தம் வேற, அந்த வகுப்பறையில இருந்த அர்த்தம் வேற. நான் ஒரு பஸ் ஏறி வந்ததும் அந்த அர்த்தமும் என்கூடவே ஏறி வந்துரும்னு நினைச்சுட்டேன். அவனை வட்டத்துக்குள்ள கொண்டு வரணும்னு ஆரம்பிச்சு, எதனால ஒதுக்குறாங்களோ அதையே அவன் கழுத்துல மாட்டிவிட்டேன்.

நாங்குநேரியில 2023 ஆகஸ்ட்ல ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிக்கிற பசங்களே வீடு புகுந்து வெட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல அறிக்கை குடுத்துச்சு. கையில சாதி அடையாளக் கயிறு கூடாது, அகரவரிசைப்படி உக்கார வைக்கணும், பள்ளிப் பேர்கள்ல சாதி கூடாது, பள்ளி நல அலுவலர்னு ஒரு பணியிடம் வேணும்னு நிறையப் பரிந்துரைகள். கயிறை நாம கண்ணால பாத்துக் கழட்டச் சொல்லிரலாம். ஒரு கருவியில, ஒரு பாட்டுல, ஒரு ஆட்டத்துல இருக்கிற சாதியைப் பாக்கத் தனிப் பயிற்சி வேணும். எனக்கு அது இல்ல. அதுக்கு விலை குடுத்தது ஒரு எட்டாம் வகுப்புப் பையன்.

குடம், பெஞ்சு, கரி

அதுக்கப்புறம் நான் வேலை செய்யுற முறையை மாத்திக்கிட்டேன். யார் வீட்டுக்கும் சொந்தமில்லாத பொருள்ல இருந்துதான் தொடங்குவேன். பிளாஸ்டிக் குடம், பெஞ்சு, ஜாமெட்ரி பாக்ஸ், சோத்துத் தட்டு. ஒருத்தரையும் நடுவுல நிறுத்தி, "இவன் பெஸ்ட்"டுன்னு சொல்ல மாட்டேன். எல்லாரும் எல்லாத்தையும் வாசிக்கணும், வாரா வாரம் கை மாறணும்.

பாட்டு வேணும்னா வீட்டுல இருந்து கொண்டு வரச் சொல்வேன். உங்க அப்பத்தா, அம்மாச்சி முளைப்பாரிக்குத் தட்டுறது எப்படின்னு பாத்துட்டு வாங்க, பாட்டைச் சொல்ல வேண்டாம், தட்டை மட்டும் கொண்டு வாங்க. பாட்டுல சாமி பேரும் தெருப் பேரும் வந்துரும்னு எனக்கு ஒரு பயம். வந்ததைப் பாத்தா ரெண்டு தெருவுலயும் ஒரே தட்டு. ஒரு பையன் நம்பவே இல்ல. "அவுக வீட்டுலயும் இப்பிடித்தான் தட்டுவாகளா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் கேட்டதுக்கு நான் ஒண்ணும் விளக்கம் சொல்லல. "நீயே தட்டிப் பாரு"ன்னேன்.

அந்தப் பையன் என்ன ஆனான்னு கேப்பீங்க. ஒரு மாசம் கழிச்சு வந்தான். தலைமையாசிரியை ரெண்டு தடவை வீட்டுக்குப் போயிட்டு வந்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்ட பசங்களை அடிக்கல, டிசி குடுக்கல. ஒவ்வொருத்தர் வீட்டாரையும் தனித்தனியாக் கூப்பிட்டுப் பேசினாங்க. அதை நிறுத்தினது என் தாளம் இல்ல, அவங்க விடாப்பிடி.

வந்தவன் வட்டத்துல உக்காரல. தட்டவும் இல்ல. நான் கேக்கவும் இல்ல. ஒரு வெள்ளிக்கிழமை அவங்க அப்பா மூட்டத்துல இருந்து ஒரு பை நிறையக் கருவேலங்கரியைக் கொண்டு வந்து பின்சுவத்துல வரைய ஆரம்பிச்சான். எங்க பக்கத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம்னு ரெண்டு பறவைகள் சரணாலயம் இருக்கு. ரெண்டும் ராம்சார் பட்டியல்ல இருக்கிற கண்மாய்கள். மழை நல்லாப் பெஞ்ச வருஷம் நாரை, கூழைக்கடா எல்லாம் வந்து கருவேல மரத்துல கூடு கட்டும். அவன் நாரையை வரைஞ்சான். ஒத்தக் கால்ல நிக்கிற நாரை. கரி தீந்ததும் பக்கத்துல நின்ன ரெண்டு பசங்க, "நாளைக்கும் எடுத்துட்டு வாடா"ன்னாங்க. இதுல ஒருத்தன் பின்னாடியே கொட்டுச் சத்தம் போட்டவன்.

கடல் தாண்டி ஒரு தோட்டம்

இப்படி எல்லாம் செய்யும்போது எனக்குத் துணையா இருக்கிற ஒரு இடத்தைப் பத்திச் சொல்லணும். மட்டக்களப்புல 1996-ல, போர் நடந்துக்கிட்டு இருந்தப்பவே, வண்ணத்துப்பூச்சித் தோட்டம்னு ஒண்ணைத் தொடங்கினாங்க. கனடாவுல இருந்து வந்த பால் ஹோகன்கிற ஓவியரும், அந்த ஊர்ல உளவளத்துணை வேலை செஞ்ச இயேசு சபைப் பாதிரியார் பால் சற்குணநாயகமும் முன்னால நின்னாங்க. தமிழ்ப் பிள்ளைங்களும் முஸ்லிம் பிள்ளைங்களும் ஒரே தோட்டத்துக்கு வருவாங்க. வாரத்துல ஒரு நாள், பல மாசம். மண்ணைப் பிசையலாம், படம் வரையலாம், பாடலாம், கதை கட்டலாம், செடிக்குத் தண்ணி ஊத்தலாம். போரைப் பத்திப் பேசுன்னு கட்டாயப்படுத்துறது இல்ல.

எங்க ஊர்ப் பிரச்சினையைப் போரோட ஒப்பிட மாட்டேன். நான் அங்க இருந்து எடுத்துக்கிறது ரெண்டு விஷயம். ஒண்ணு, பிள்ளை தன் காயத்தைப் பத்திப் பேசணும்னு நாம அவசரப்படக்கூடாது. ரெண்டு, ஒரு நாள் முகாம் போதாது. அதே பிள்ளைங்க அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரணும்.

உங்களுக்கு நாலு வார்த்தை

ஒண்ணு. கலை எல்லாத்தையும் சரி பண்ணாது. ஒரு பிள்ளை திடீர்னு சாப்பிடாம, தூங்காம, தன்னைக் காயப்படுத்திக்கிட்டு இருந்தா அதுக்குத் தாளம் தட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. உடனே மருத்துவரைப் பாக்கணும். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண். பிள்ளைக்கு ஆபத்துன்னா 1098. பள்ளி சம்பந்தப்பட்ட உதவிக்குத் தமிழ்நாட்டுல 14417. இந்த மூணையும் போன்ல சேவ் பண்ணி வெச்சுக்குங்க.

ரெண்டு. போட்டியும் இதுவும் ஒண்ணில்ல. 2022-23-ல இருந்து அரசுப் பள்ளிங்கள்ல கலைத் திருவிழா நடக்குது. எங்க பிள்ளைங்க மாநில அளவுல மேடை ஏறுறது பெரிய விஷயம், நான் குறை சொல்லல. ஆனா போட்டிக்கு நல்லா ஆடுற பிள்ளையைத்தான் எடுப்பாங்க. அம்புக்குறி வராத பிள்ளை அன்னிக்கும் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்கு வாராவாரம் ஒரு பீரியட் வேணும், அந்த பீரியடுக்கு ஒரு ஆள் வேணும். 2012-ல ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குன்னு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாசம் 5,000 ரூபாய்க்கு எடுத்தாங்க. சம்பளம் அப்பப்ப கூடியிருக்கு. பணிநிரந்தரம் கேட்டு அவங்க போராடுற செய்தியை நீங்க பாத்திருப்பீங்க. அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போகாம ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்க ஊர்ல பல பிள்ளைங்களுக்குக் கையில பிரஷ் குடுத்த முதல் ஆள் அவங்கதான்.

மூணு. உங்கள்ல பலர், "நாங்க வந்து ஒரு வொர்க்‌ஷாப் எடுக்கிறோம் அக்கா"ன்னு மெசேஜ் பண்றீங்க. சந்தோஷம். ஆனா ஒரு நாள் வந்து, ஆட வெச்சு, ரீல்ஸ் எடுத்துட்டுப் போற மாதிரின்னா வேண்டாம். மாசம் ஒரு தடவை, ஒரு வருஷம் வர முடிஞ்சா வாங்க. முதல் தடவை வரும்போது கருவியைக் கொண்டு வராதீங்க, கேமராவையும் கொண்டு வராதீங்க. நான் வாங்கிட்டு வந்த கருவியோட கதையைத்தான் கேட்டீங்களே.

நாலு. உங்க ஆபீஸ்லயும் ஹாஸ்டல்லயும் மதியம் தட்டைக் கழுவுற சாக்குல நேரம் போக்குற ஒருத்தர் இருப்பாங்க. "ஏன் தனியா இருக்கீங்க?"ன்னு கேக்காதீங்க. பக்கத்துல போய் நீங்களும் ஒரு தட்டைக் கழுவுங்க.

அந்தப் பையன் இப்ப பத்தாம் வகுப்பு. அந்தப் பறை இன்னும் என் வீட்டு அலமாரி மேல இருக்கு. போன மாசம் வழியில பாத்தப்ப அவனே கேட்டான்: "அக்கா, அந்தத் தப்ப என்ன பண்ணுனீக?" வெச்சிருக்கேன்னு சொன்னேன். "சரி"ன்னான். அவ்வளவுதான். வேணும்னுதான் கேட்டானா, வேண்டாம்னுதான் கேட்டானா எனக்குத் தெரியாது. நான் கேக்கப் போறதும் இல்ல. கேக்க வேண்டியது அவன். வேணும்னா வீடு அவனுக்குத் தெரியும்.